ஆய்வுகூடக் கைத்திறனும் கணினியும்: சில குறிப்புகள்

இயந்திரம் மனிதக் கையின் இடத்தைப் பெறுவதற்கு முன்னர், அக்கையின் தொழில் எளிய கூறுகளாகப் பிரிக்கப்படல் வேண்டும். பட்டறைகளில் நிலவிய தொழிற் பிரிவினையே பேரியந்திரத்துக்கு வழிசமைத்தது என்பதை, 1867இல் வெளிவந்த 'மூலதன'த்தின் முதற் பாகத்திலே மார்க்ஸ் விளக்கினார். ஆலைகளில் நிகழ்ந்த இம்மாற்றம் இரசாயன ஆய்வுகூடத்திலும் நிகழ்ந்தமை மனங்கொள்ளத்தக்கது.

அமினோவமிலங்களை ஒன்றன்பின் ஒன்றாக இணைத்துப் புரதத் தொடர்களை ஆக்குவோர், முன்னர் ஒவ்வோர் இணைப்பின் பின்னரும் விளைபொருளைப் பிரித்துத் தூய்மையாக்க வேண்டியிருந்தது. நியூயோர்க்கின் றொக்பெல்லர் நிறுவனத்திலே பணியாற்றிய புறூஸ் மெரிபீல்ட், 1963இல் வெளியிட்ட முறையில், முதல் அமிலத்தைக் கரையாத பிளாஸ்ரிக் மணிகளிற் பிணைத்தார். தொடர் மணியிலேயே வளர்ந்தது, எஞ்சியவை கழுவியகற்றப்பட்டன. சேர்த்தல், குலுக்கல், வடித்தல், கழுவுதல் எனத் தொழில் ஒருசீரானது. அதன் பின்னரே இயந்திரம் சாத்தியமாயிற்று. 1965 அளவில் அவர் அமைத்த கருவியை நெறிப்படுத்தியது கணினியன்று. முளைகள் பதித்த சுழலுருளையொன்றே. 124 அமினோவமிலங்கள் கொண்ட றைபோநியூக்கிளியேஸ் என்னும் நொதியத்தை 11,931 இயந்திரப் படிகளில் தொகுத்தமை 1969இல் அறிவிக்கப்பட்டது. 1984இல் மெரிபீல்ட் நோபல் பரிசு பெற்றார்.

ஆயின், பெரும்பாலான சேர்வைகளின் ஆக்கம் இத்துணை ஒருசீரானதன்று. அவற்றின் செய்முறை ஆய்வுக் கட்டுரைகளிலே உரைநடையாக உள்ளது. 'மெதுவாகச் சேர்க்க' என்னும் தொடரின் பொருளைப் பழகிய கையே நிறைவு செய்கிறது. கிளாஸ்கோப் பல்கலைக்கழகத்திலே லீ குறோனின் குழுவினர் 2018இல் வெளியிட்ட கணினி நெறிப்படுத்தும் தொகுதி, சில்டெனாபில் உட்பட மூன்று மருந்துகளை மனிதத் தலையீடின்றி ஆக்கியது. விளைச்சல் கையால் ஆக்கப்பட்டவற்றுக்கு நிகராகவோ மேலாகவோ அமைந்தது. செய்முறை உரைநடையைக் கட்டளை மொழியாக மாற்றும் முறையையும் அவர்கள் 2020இல் விளக்கினர். அம்மொழியிலே 'மெதுவாக' என்பதற்கு இடமில்லை. எத்தனை மில்லிலீற்றர், எத்தனை நிமிடம் என வரையறுத்தாக வேண்டும். மாற்றத்தில் நேரும் பிழைகளைத் திருத்துதற்கு இரசாயனம் அறிந்தவரே தேவைப்படுகின்றனர்.

இலக்கிய மாணவர் இதனைப் புறக்கணித்தற்கில்லை. ஆசிரியரிடமிருந்து மாணவருக்குக் கைவழி வந்த, எழுதப்படாத அறிவு இங்கு எழுத்தாகிறது. குருவின்றியும் அதனை மீளச் செய்யலாம் என்பதிலே சனநாயகக் கூறு ஒன்றுண்டு. ஆனால், தலைமுறைகளாகப் பலர் உழைத்துத் திரட்டிய அவ்வறிவு, கருவியையும் கட்டளையையும் உடைமையாகக் கொண்டோரின் மூலதனமாகவும் மாறலாம். இயந்திரத்தையும் அதன் முதலாளித்துவப் பயன்பாட்டையும் வேறுபடுத்தி நோக்குமாறு மார்க்ஸ் கூறியது இதனாலேயே. கை ஓய்வு பெறுவதன்று பிரச்சினை. கை கற்றதை எவர் உடைமையாக்குவர் என்பதே பிரச்சினையாகும்.