கிணற்றுத் தவளை கடல் கண்ட கதை

கடல் எங்கள் ஊருக்கு வெகு தூரம். திருப்பூரில் பிறந்து வளர்ந்தவனுக்குத் தெரிந்த நீர்நிலைகள் இரண்டுதான். ஒன்று கிணறு, மற்றொன்று நொய்யல் ஆறு. ஆற்றைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். நான் நீந்தக் கற்றது கிணற்றில். கொங்கு நாட்டுப் பிள்ளைகள் எல்லோரையும் போல, முதுகில் சுரைக்குடுக்கை கட்டப்பட்டு, மாமனுடைய கருணையற்ற கையினால் உள்ளே தள்ளப்பட்டுக் கற்றேன். பத்து வயதுக்குள் குடுக்கையை எறிந்தாயிற்று. அதன் பிறகு எங்களுக்குள் ஒரே பந்தயம்: கிணற்றின் அடியைத் தொட்டு ஒரு பிடி மண்ணை அள்ளி வந்து காட்ட வேண்டும். அந்தப் பந்தயத்தில் நான் தோற்றதாக ஞாபகம் இல்லை. ஆகவே, மூச்சடக்குவதில் இந்தத் தாலுகாவில் நமக்கு நிகர் யாரும் இல்லை என்ற கர்வம் எனக்குள் குடியேறிவிட்டது. முப்பத்தைந்து வருஷ காலம் அதை வீட்டில் எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி வளர்த்தும் வந்தேன்.

அந்தக் கர்வம் உடைந்த இடம் அந்தமான் தீவுகள். காலம் 2023-ஆம் வருஷம் மாசி மாதம். உடைப்பதற்குப் பணம் கட்டியவள் என் சொந்த மகள். "அப்பா, கிணற்றுக் கதை போதும். கடலில் முங்கி வந்து அந்தக் கதையைச் சொல்லுங்கள்" என்று சொல்லி, சென்னையிலிருந்து விமானத்துக்கு டிக்கெட்டையும் கையில் கொடுத்துவிட்டாள்.

நான் போன தீவின் பெயர் சுயராஜ்யத் தீவு. வெகு காலம் அதற்கு ஹேவ்லாக் என்று பெயர். 1857-ஆம் வருஷப் புரட்சியை அடக்கிய வெள்ளைக்காரத் தளபதி ஒருவரின் பெயர் அது. 1943-ஆம் வருஷம் டிசம்பர் 30-ஆம் தேதி நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் போர்ட் பிளேயரில் தேசியக் கொடியை ஏற்றினார். அந்தமான், நிகோபார் தீவுகளுக்குத் தியாகிகள் தீவு என்றும் சுயராஜ்யத் தீவு என்றும் பெயர் சூட்டியதும் அவரே. 75 வருஷம் கழித்து, அதே தேதியில், ஹேவ்லாக் தீவுக்கு அந்தப் பெயர் சேர்ந்தது. போர்ட் பிளேயருக்கும் 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர்.

1943 என்றதும் இன்னொரு விஷயம் நினைவுக்கு வருகிறது. அதே வருஷத்தில்தான் ஜெர்மானியர் வசப்பட்டிருந்த பிரான்ஸ் தேசத்தில், ழாக் கூஸ்தோ என்ற கடற்படை அதிகாரியும் எமில் கான்யான் என்ற எஞ்சினியரும் ஒரு சிறு கருவியைப் பரீட்சை செய்து பார்த்தார்கள். யுத்த காலத்தில் பெட்ரோல் கிடைக்காமையால் மோட்டார் வண்டிகளை வாயுவினால் ஓட்டுவதற்குக் கான்யான் ஒரு வால்வு செய்திருந்தார். வண்டி இழுக்கும்போது மட்டும், வேண்டிய அளவு மட்டும், அது வாயுவை விடும். அதையே மனிதனுடைய வாய்க்குப் பொருத்தினால் என்ன என்பதுதான் யோசனை. மனிதன் இழுத்தால் காற்று வரும், இழுக்காவிட்டால் வராது. அவன் எத்தனை ஆழத்தில் இருக்கிறானோ, அந்த ஆழத்து நீரின் அழுத்தத்துக்குச் சரியான அழுத்தத்தில் வரும். ஸ்கூபா என்று இன்று உலகம் சொல்லும் வித்தையின் சூட்சுமமெல்லாம் அந்த வால்வில் இருக்கிறது. முதுகில் சுமப்பது வெறும் காற்றுத்தான். பலர் நினைப்பது போல் அது தனிப் பிராணவாயு அல்ல. நாம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சுவாசிக்கும் அதே காற்றைச் சுமார் 200 மடங்கு நெருக்கி அடைத்திருக்கிறார்கள்.

*

எனக்கு ஆசிரியராக வாய்த்தவர் தூத்துக்குடி இளைஞர். வயதில் என் மகளைவிடச் சிறிதே மூத்தவர். ஆனால் நீருக்குள் அவரே எனக்குத் தகப்பனார். இரண்டு நாள் ஆழமில்லாத இடத்தில் பாடம் நடந்தது. முகக் கண்ணாடிக்குள் நீரை விட்டுக்கொண்டு, மூக்கினால் ஊதி வெளியேற்ற வேண்டும். வாயிலிருந்து குழாயை எடுத்துவிட்டு, மறுபடியும் தேடிப் பிடித்துக் கவ்வ வேண்டும். கிணற்று வீரனாகிய எனக்கு இதெல்லாம் விளையாட்டாக இருந்தது. மூன்றாம் நாள் காலை படகில் ஏறும்போது அவர் சொன்னார்:

"அண்ணாச்சி, மத்ததெல்லாம் மறந்தாலும் ஒண்ணு மட்டும் மறந்திராதீய. மூச்சை அடக்கக் கூடாது. எங்க தாத்தா சங்கு குளிச்சவரு. அவரு மூச்சை அடக்கித்தான் பிழைச்சாரு. நீங்க அடக்குனீயன்னா பிழைக்க மாட்டீய."

இது என்ன தலைகீழ் நியாயம் என்று தோன்றியது. மன்னார் வளைகுடாவில் கொற்கைப் பாண்டியர் காலம் முதல் மனிதர்கள் மூச்சடக்கித்தானே முத்துக் குளித்தார்கள்? காலில் கல்லைக் கட்டிக்கொண்டு இறங்குவார்கள். மேலே படகில் கயிற்றைப் பிடித்திருப்பவன் மைத்துனனாகத்தான் இருக்க வேண்டும் என்பார்கள். தங்கை தாலி அறுவதை அவன் சகிக்கமாட்டான் அல்லவா? 1961-ஆம் வருஷம் தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு நடந்த வரையில் அந்த வித்தைக்கு மூச்சடக்கம்தானே மூலதனம்?

நியாயம் பின்வருமாறு. முத்துக் குளிப்பவன் கரைக் காற்றை மார்பில் நிரப்பிக்கொண்டு இறங்குகிறான். பத்து மீட்டர் ஆழத்தில் நீரின் பளு அந்தக் காற்றைப் பாதியாகச் சுருக்குகிறது. மேலே வரும்போது அது பழைய அளவுக்கு விரிகிறது. அதற்கு மேல் விரிவதற்கு அதில் ஒன்றும் இல்லை. ஸ்கூபாக்காரன் கதை வேறு. அவன் பத்து மீட்டர் ஆழத்திலேயே, அந்த ஆழத்துக்கு ஏற்ற நெருக்கமான காற்றை மார்பு நிறைய இழுக்கிறான். அதை அடக்கிக்கொண்டு மேலே வந்தால், அது இரண்டு மடங்கு ஆக வேண்டும். மார்பு இரண்டு மடங்கு ஆகுமா? பலூன் வெடிக்கிற மாதிரிதான். கடைசி நாலைந்து முழத்திலேயே ஆபத்து நேர்ந்துவிடக் கூடுமாம்.

கேட்டுத் தலையை ஆட்டினேன். ஆனால், தலை ஒப்புக்கொண்டதை உடம்பு ஒப்புக்கொள்ள வேண்டுமே!

*

உடுப்பைப் பற்றி இரண்டு வார்த்தை. பருத்திப் பனியனிலேயே பிறந்து பருத்திப் பனியனிலேயே சாப்பிடுகிற ஊர்க்காரனுக்கு அந்த ரப்பர்ச் சட்டை ஒரு தண்டனை. ஆனாலும் தொழில் புத்தி யாரை விட்டது? உட்புறத்தைத் திருப்பிப் பார்த்தேன். நுரை ரப்பரின் இரு பக்கமும் நைலான் பின்னல் துணி ஒட்டியிருந்தது. தையலோ சாட்சாத் பிளாட்லாக்! கடலுக்குள் போவதற்கும் நம்முடைய தையல்தான் வேண்டியிருக்கிறது என்று எண்ணி ஒருவாறு மனத்தைத் தேற்றிக்கொண்டேன்.

டுங்கி என்று அங்கே சொல்லுகிற மரப்படகின் விளிம்பில் உட்கார்ந்து, முகக் கண்ணாடியைக் கையால் அழுத்திக்கொண்டு, மல்லாந்து விழுந்தேன். கிணற்றில் எத்தனையோ விதமாகக் குதித்திருக்கிறேன்; முதுகுப்புறமாக விழுந்தது கிடையாது.

இரண்டு மூன்று மீட்டர் இறங்குவதற்குள் காதில் ஊசி குத்திற்று. மூக்கைப் பிடித்துக்கொண்டு மெள்ள ஊதியதும் 'டப்' என்று விட்டது. அடிக்கடி அப்படிச் செய்துகொண்டே இறங்கினேன். ஐந்து மீட்டரில் ஆசிரியர் என்னைத் தடுத்து நிறுத்தினார். என் வாயைச் சுட்டிக் காட்டினார். பிறகு தம் வாயிலிருந்து எழும் குமிழிகளைக் காட்டினார். அப்போதுதான் கவனித்தேன்: என்னிடமிருந்து குமிழி ஒன்றும் போகவில்லை. கிணற்றுப் பையன் உள்ளே விழித்துக்கொண்டு, வாயை இறுக மூடி, மார்பை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்!

அந்தச் சில விநாடிகளை என்னால் மறக்க முடியாது. முதுகில் இரண்டாயிரம் லிட்டருக்கு மேல் காற்று இருக்கிறது. வாயில் குழாய் இருக்கிறது. ஆனாலும் இழுக்க மனம் துணியவில்லை. நீருக்குள் மூச்சு விட்டால் சாவு என்று பத்து வயதில் உடம்பு கற்ற பாடம் அவ்வளவு கெட்டியாகப் பதிந்திருந்தது. ஆசிரியர் என் தோள்பட்டையைப் பற்றிக்கொண்டு, கண்ணுக்கு நேரே கண் வைத்து, கையை மெள்ள முன்னும் பின்னும் அசைத்தார்: உள்ளே, வெளியே, உள்ளே, வெளியே. இழுத்தேன். காற்று வந்தது. விட்டேன். குமிழிகள் கலகலவென்று காதோரமாக ஏறிப் போயின. மறுபடி இழுத்தேன், மறுபடியும் வந்தது.

சந்தோஷத்தில் கட்டை விரலை உயர்த்திக் காட்டினேன். உடனே அவர் என்னைப் பிடித்து மேலே கொண்டுபோகத் தொடங்கினார். அந்த லோகத்தில் கட்டை விரலை உயர்த்தினால் 'மேலே போகலாம்' என்று அர்த்தம் என்பதை இரண்டு நாள் படித்தும் மறந்திருந்தேன்! விரல்களை வளையமாக்கிக் காட்டிச் சமாதானம் செய்துகொண்டேன்.

பன்னிரண்டு மீட்டரில் வெண்மணல் தரை. பவளப் பாறையைக் கிளிமீன் கடித்துத் தின்னும் ஓசை, முறுக்குக் கடிப்பது போல் தெளிவாகக் கேட்டது. எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்றுதான் தெரியவில்லை. நீரில் ஓசை காற்றில் போவதைவிட நாலு மடங்குக்கு மேல் வேகமாகப் போவதால் காதுக்குத் திசை புலப்படுவதில்லை. கடல் சாமந்தியின் இதழ்களுக்குள் கோமாளி மீன் ஒன்று புகுந்தும் வெளிப்பட்டும் என்னை மிரட்டியது. விரல் நீளம்கூட இல்லை, என்ன தைரியம்!

ஆனால் என் கண் போய் நின்றது வேறோர் இடத்தில். என் மணிக்கட்டில் மாரியம்மன் கோயிலில் கட்டிய சிவப்புக் கயிறு கறுப்பாக இருந்தது. ஆசிரியர் கைவிளக்கை அதன்மேல் காட்டினார். சிவப்பு அப்படியே பளிச்சென்று திரும்பி வந்தது. விளக்கு விலகியதும் போய்விட்டது. நீரானது சூரிய ஒளியில் உள்ள சிவப்பைத்தான் முதலில் குடித்துவிடுகிறதாம். நான் தொழிலில் சாயம் ஒப்பிட்டுப் பார்க்கிறவன். ஒரே துணி ஒரு விளக்கின் கீழ் ஒரு நிறமும் வேறு விளக்கின் கீழ் வேறு நிறமும் காட்டுவதை லைட் பாக்ஸில் தினந்தோறும் பார்க்கிறேன். இத்தனை பெரிய லைட் பாக்ஸை நான் கண்டதில்லை.

அங்கேதான் ஆறு நினைவுக்கு வந்தது. எங்கள் ஊரில் நீரின் நிறத்தைப் பார்த்து, இன்று எந்தச் சாயம் ஓடுகிறது என்று சொல்லிவிடலாம் என்றிருந்த காலம் ஒன்று உண்டு. சாயம் பருத்தியில் ஏறுவதற்கு உப்பு வேண்டும். மூட்டை மூட்டையாக வேண்டும். அந்த உப்பும் சாயமும் நொய்யலில் இறங்கி, அங்கிருந்து நிலத்துக்குள் போய், கிணறுகளில் ஊறின. 2011-ஆம் வருஷம் ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப் பட்டறைகளை மூடச் சொன்னது. பிறகு, கழிவு நீர் ஒரு சொட்டும் வெளியே விடாமல், நீரையும் உப்பையும் மீட்டெடுக்கும் ஏற்பாட்டின் மேல்தான் அவை திறக்கப்பட்டன. அதற்குள் எங்கள் கிணறு உப்பாகிவிட்டது. ஆற்றில் ஓடிய சாயத்தில் என் கை கலந்த கலவையும் உண்டு. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை; பன்னிரண்டு மீட்டர் ஆழத்தில், பேச வாயில்லாத இடத்தில், எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

எதிரே வெகு தூரம் வரையில் நீர் தெரிந்தது; அதன் வழியாகத் தரையும் தெரிந்தது. முகக் கண்ணாடிக்குள் கொஞ்சம் ஈரம் சேர்ந்தது. அது கடல் நீர்தான் என்று ஆசிரியரிடம் பின்னால் சாதித்தேன்.

நாற்பது நிமிஷம் கழித்து, குமிழிகளை முந்தாமல் மெள்ள ஏறினோம். ஐந்து மீட்டரில் மூன்று நிமிஷம் நின்றோம். அந்த மூன்று நிமிஷமும் ஒரு மூச்சைக்கூட நான் அடக்கவில்லை.

*

ஊர் திரும்பிய அன்று அம்மா திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தாள். எண்பது வயது; கடலைப் பார்த்ததில்லை.

"கடல்தண்ணி உப்புத்தானே சாமி? அதுக்கா இத்தனை காசு?"

"உப்புத்தானுங்கம்மா. நம்ம கிணத்தைவிட உப்பு."

"அப்புறம்?"

"அடி தெரியுதுங்கம்மா."

அம்மா எழுந்து கிணற்றடிக்குப் போனாள். இரும்பு வலை போட்டு மூடியிருந்த அதன் வாய்க்குள் சற்று நேரம் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, வெயில் ஏறிவிட்டது, சாப்பிட வா என்று என்னைக் கூப்பிட்டாள்.