தூங்கிய விஷத்தை எழுப்பியது யார்?

பஞ்சாபின் நிலத்தடி நீரில் யுரேனியம், ஃப்ளூரைடு, நைட்ரேட். குற்றவாளி இயற்கையா, விவசாயமா? இருவரும் கூட்டாளிகள் என்கிறது வேதியியல்.

மிட்டா பாணி, காரா பாணி. இனிப்புத் தண்ணீர், உப்புத் தண்ணீர். பஞ்சாபின் கிராமங்கள் கிணற்று நீரைத் தலைமுறை தலைமுறையாக இப்படித்தான் தரம் பிரித்தன. இனித்தால் குடிக்கலாம், கரித்தால் கூடாது. நாக்குதான் சோதனைச்சாலை.

அந்தச் சோதனைச்சாலை இன்று தோற்றுப் போயிருக்கிறது. யுரேனியத்துக்கு ருசி கிடையாது. ஆபத்தான அளவில் ஃப்ளூரைடும் நைட்ரேட்டும் கலந்திருந்தாலும் நாக்கு காட்டிக் கொடுக்காது. சட்லெஜ் நதிக்குத் தெற்கே பரந்து கிடக்கும் மால்வா பகுதியில் - பட்டிண்டா, மான்சா, ஃபரீத்கோட், முக்த்சர், ஃபாசில்கா மாவட்டங்களில் - பல இடங்களில் இந்த மூன்றும் தண்ணீரில் இருக்கின்றன.

நாடு இதைத் திரும்பிப் பார்த்தது 2009-ல். ஃபரீத்கோட்டில் சிகிச்சை பெற்றுவந்த, மூளை வளர்ச்சி பாதித்த குழந்தைகளின் தலைமுடியில் யுரேனியம் இருப்பதாகச் செய்தி வெளியானது. சந்தேகம் முதலில் அனல்மின் நிலையச் சாம்பல் மீது விழுந்தது. ஆப்கானிஸ்தான் போரில் வெடித்த குண்டுகளின் தூசு காற்றில் வந்ததாகக்கூடப் பேச்சு கிளம்பியது. ஆனால் பிறகு நடந்த ஆய்வுகள் காட்டிய திசை வேறு. தேடிய பொருள் காலடி மண்ணிலேயே இருந்தது. அதைக் கரைத்துத் தண்ணீரில் சேர்த்ததில் அந்த மண்ணின் மேல் நடக்கும் விவசாயத்துக்கும் பங்கு இருந்தது.

மலை தந்த சீதனம்

பஞ்சாப் சமவெளி முழுவதுமே இமயமலையிலிருந்து ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய வண்டல். பாறைத் துகள்களோடு சிறிதளவு யுரேனியமும் ஃப்ளூரைடு கொண்ட தாதுக்களும் வந்து படிந்தன. மாநிலத்தின் வடமேற்கில் அமிர்தசரஸ், தரண் தாரண் பக்கம் ஆற்று வண்டலோடு வந்தது ஆர்சனிக். ராஜஸ்தான் பாலைவனத்தை ஒட்டிய தென்மேற்கில் மழையும் குறைவு. வெயில் நீரை உறிஞ்சிக்கொள்ள, உப்பு மண்ணிலேயே தங்கிவிடுகிறது. சில அடி தோண்டினால் சுக்கான்கல் தட்டுப்படும். இவை எதுவும் மனிதன் செய்ததல்ல. மண்ணோடு ஒட்டிக்கொண்டு கிடந்தவரை இவற்றால் பெரிய தொல்லையும் இல்லை.

பிறகு வந்தது பசுமைப் புரட்சி. சி. சுப்பிரமணியம் மத்திய விவசாய அமைச்சராக இருந்த 1966-ல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் கோதுமை விதை வந்து இறங்கியது. பஞ்சம் தீர்ந்தது, பஞ்சாப் செழித்தது. கோதுமையைத் தொடர்ந்து நெல்லும் நுழைந்தது. 1970-71ல் சுமார் 4 லட்சம் ஹெக்டேரில் பயிரான நெல் இன்று 30 லட்சம் ஹெக்டேரைத் தாண்டிவிட்டது. ஆற்றுநீர் போதாமல் 14 லட்சம் ஆழ்குழாய்க் கிணறுகள் முளைத்தன. 1997-லிருந்து விவசாயத்துக்கு மின்சாரம் இலவசம். நிலத்தடியில் எடுக்கத் தகுந்த நீர் 100 லிட்டர் என்றால் பஞ்சாப் எடுப்பது 160 லிட்டருக்கும் மேல் என்கிறது 2023 மதிப்பீடு.

குறைந்தது நீர் மட்டமல்ல. மிஞ்சிய நீரின் குணமும் மாறியது.

வேரின் மூச்சு

பயிரின் வேர்களும் மண்ணிலுள்ள நுண்ணுயிர்களும் மூச்சுவிடும்போது கரியமில வாயு வெளியாகிறது. வயலில் கட்டிய நீர் அதைக் கரைத்துக்கொண்டு கீழே இறங்குகிறது. வழியில் சுக்கான்கல்லைத் தொட்டால் பைகார்பனேட் உருவாகிறது. யுரேனியத்தை மண்ணிலிருந்து பிரித்தெடுத்து நீரில் கரைய வைப்பதில் பைகார்பனேட் கெட்டிக்காரத்தனம் கொண்டது. வருடத்துக்கு ஒரு மழை கண்ட நிலத்தில் இரண்டு போகமும் விடாமல் நீர் பாய்ந்தால் இந்த வேலை எத்தனை மடங்கு நடக்கும் என்பதை ஊகிக்கலாம். இறைத்த நீரையே திரும்பத் திரும்ப வயலில் விடுவதால் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பங்கு ஆவியாகி, உப்பு இன்னும் அடர்த்தியாகிறது.

ஃப்ளூரைடின் கதையும் இதற்கு அண்ணன் தம்பி உறவுதான். தண்ணீரில் கால்சியம் போதிய அளவு இருந்தால் ஃப்ளூரைடை அதிகம் கரையவிடாது. உப்புநீர் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதுபோல நீர் அடர்த்தியாகும்போது கால்சியம் சுண்ணாம்பாக மண்ணில் படிந்துவிடுகிறது. காவலாளி போனதும் ஃப்ளூரைடு தாராளமாகக் கரைகிறது.

நைட்ரேட்டில் மட்டும் இயற்கையின் பங்கு சொற்பம். பயிர் எடுத்துக்கொள்ளாத யூரியாவும், மாட்டுக் கொட்டிலின் கழிவும், கிராமத்துக் கழிவுநீரும் நைட்ரேட்டாகிக் கிணற்றில் சேர்கின்றன. 2009-ல் லூதியானா, பட்டிண்டா, முக்த்சர் மாவட்டங்களில் கிரீன்பீஸ் அமைப்பு 50 கிணறுகளைச் சோதித்தது. ஐந்தில் ஒன்றில் நைட்ரேட் லிட்டருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டியிருந்தது. இந்தியாவில் அனுமதிக்கப்பட்ட அளவு 45.

நைட்ரேட் தனியாகவும் வேலை செய்வதில்லை. ஆக்சிஜன் எட்டாத ஆழத்தில் கரையாமல் கிடக்கும் யுரேனியத்தை அது கரையும் வடிவத்துக்கு மாற்றிவிடுகிறது. அமெரிக்காவின் விவசாயப் பகுதிகளில் இந்தத் தொடர்பை 2015-ல் நெப்ராஸ்கா பல்கலைக்கழக விஞ்ஞானிகள் சுட்டிக்காட்டினார்கள். யுரேனியத்துக்கு மூல காரணம் பாறைகள்தான், ஆனால் சரியும் நீர்மட்டமும் நைட்ரேட்டும் அதை மோசமாக்குகின்றன என்று 2018-ல் ராஜஸ்தான், குஜராத் கிணறுகளை ஆராய்ந்த டியூக் பல்கலைக்கழகக் குழுவும் சொன்னது.

இன்னும் ஆழமாகத் தோண்டினால் நல்ல தண்ணீர் கிடைக்காதா? தென்மேற்கில் மேல்மட்ட நீரைவிட ஆழத்து நீரில் பொதுவாக யுரேனியம் குறைவுதான். ஆனால் அந்தப் பாதுகாப்பு நிரந்தரமல்ல. பியாஸ், சட்லெஜ் நதிகளுக்கு நடுவே பிரிட்டிஷ் புவியியல் ஆய்வு நிறுவனமும் இந்திய விஞ்ஞானிகளும் நடத்திய ஆய்வு ஓர் எச்சரிக்கை தந்தது. ஆழத்தில் மோட்டார் வைத்து உறிஞ்ச உறிஞ்ச, மேல்மட்ட நீர் தன் அழுக்கோடு கீழே இழுக்கப்படுகிறது.

பீதியும் உண்மையும்

பட்டிண்டாவிலிருந்து பிகானேர் மருத்துவமனைக்கு நோயாளிகள் சென்ற ரயிலுக்குப் 'புற்றுநோய் ரயில்' என்றே பெயர் விழுந்தது. ஆனால் மால்வாவின் புற்றுநோய்க்குக் காரணம் தண்ணீரிலுள்ள யுரேனியம்தான் என்று நிரூபணமாகவில்லை. பருத்தி வயலில் தெளித்த பூச்சிமருந்தும் சந்தேகப் பட்டியலில் இருக்கிறது. யுரேனியம் என்றதும் கதிர்வீச்சுதான் நினைவுக்கு வரும். குடிநீரில் வரும் யுரேனியத்தின் முக்கிய ஆபத்து அதுவல்ல. ஒரு கன உலோகமாக அது சிறுநீரகத்தைக் கெடுப்பதுதான். ஃப்ளூரைடு பல்லையும் எலும்பையும் தாக்குகிறது. நைட்ரேட் கைக்குழந்தைகளின் ரத்தத்தில் ஆக்சிஜனைக் குறைக்கிறது.

குடிநீரில் யுரேனியம் லிட்டருக்கு 30 மைக்ரோகிராமுக்கு மேல் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. இந்தியத் தர நிர்ணயத்தில் அந்த வரம்பு இடம்பெற்றது 2021-ல்தான். 2024 இறுதியில் மத்திய நிலத்தடி நீர் வாரியம் வெளியிட்ட அறிக்கையில், 100 மைக்ரோகிராமைத் தாண்டிய மாதிரிகளில் பெரும்பகுதி ராஜஸ்தானையும் பஞ்சாபையும் சேர்ந்தவை.

கிராமங்களில் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்திருக்கின்றன. எதிர்சவ்வூடு முறை - எல்லோரும் சொல்லும் 'ஆர்.ஓ.' - யுரேனியத்தையும் ஃப்ளூரைடையும் வடிகட்டிவிடும். ஆனால் வடிகட்டிய விஷம் கழிவு நீரில் இன்னும் அடர்த்தியாகச் சேர்கிறது. அந்த நீர் சாக்கடையில் போனால் மறுபடி மண்ணுக்கே திரும்பும். குடிநீருக்காவது கால்வாய் நீரைச் சுத்தம் செய்து தருவது இதைவிட நம்பகமான வழி. அதற்கும் மேலான வழி பயிரை மாற்றுவது. நெல், கோதுமையிலிருந்து ஒரு பகுதி நிலத்தையாவது விடுவிக்க வேண்டும் என்று பொருளாதார நிபுணர் எஸ்.எஸ். ஜோல் தலைமையிலான குழு 1986-லேயே சொல்லிவிட்டது. அதன் பிறகு நெல் பரப்பு கூடியதே தவிரக் குறையவில்லை.

விவசாயியை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அரசு நிச்சய விலைக்கு வாங்குவது நெல்லும் கோதுமையும். மோட்டாருக்கு மின்சாரம் இலவசம். யூரியாவுக்கு மானியம். இத்தனை கதவுகளும் ஒரே பக்கம் திறந்திருக்கும்போது அவர் வேறு எங்கே போவார்? பஞ்சாபின் அரிசி மத்தியத் தொகுப்பு வழியாக நாட்டின் பல மூலைகளுக்கும் போய்ச் சேருகிறது. அதை விளைவித்தவர் வீட்டுக் குழந்தை குடிக்கும் தண்ணீருக்கு யார் பொறுப்பு என்ற கேள்வியும் அந்த மூட்டைகளோடுதான் வருகிறது.