பாலைநிலத்தில் டென்னிஸ் ஆடுகளம்

குடிநீருக்கே திண்டாடும் பாலைநிலத்து ஊர்களில் டென்னிஸ் ஆடுகளம் எதற்கு என்று கேட்போர் உண்டு. நியாயமான கேள்வியே. ஆயினும் அங்கும் பள்ளிகள் இருக்கின்றன. மாலை வேளையில் ஓடியாட இடம் தேடும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். களம் வேண்டுமா, வேண்டாமா என்பதை அந்தந்த ஊரார் தீர்மானிக்கட்டும். வேண்டும் என்று தீர்மானித்த பின், பொதுப்பணத்தைக் கொட்டி இரண்டே கோடையில் பாழாகும் களத்தைக் கட்டுவதுதான் பொறுக்கவொண்ணாதது.

நாகௌர் என்னும் பெயரை ஊராட்சி உறுப்பினர்கள் பலர் கேள்வியுற்றிருப்பார்கள். 1959 அக்டோபர் 2ஆம் நாள் பிரதமர் நேரு பஞ்சாயத்து ராஜ்ய முறையைத் தொடங்கி வைத்தது இராஜஸ்தானத்தின் அந்நகரில்தான். அங்கிருந்து மேற்கே செல்லச் செல்லத் தார்ப் பாலைவனம் விரிகிறது. ஜெய்சல்மேர் பக்கத்தில் ஆண்டு மழை சுமார் 8 அங்குலத்துக்குள் அடங்கிவிடும். பலோதியில் 2016 மே 19ஆம் நாள் வெப்பம் 51 டிகிரி சென்டிகிரேடைத் தொட்டது. இத்தகைய நிலத்தில் களத்தின் பூச்சு உரிந்து, தளம் வெடித்துக் கிடப்பதைக் காண்போர் வெயிலைத்தான் குறை கூறுவர். வெயில் பாதிக் குற்றவாளியே. மறுபாதி கண்ணுக்குப் புலப்படாமல் தளத்தின் அடியில் இருக்கிறது.

முதலில், மண் களமா, கான்கிரீட் களமா என்பதைப் பார்ப்போம். மண் களத்தைக் கட்டுவதற்குச் செலவு குறைவு. விழுந்தாலும் அடி பலமாகப் படாது. ஆனால் அது நாள்தோறும் நீர் கேட்கும். ஆடுகளத்தின் கோடுகளுக்குட்பட்ட அளவு 78 அடிக்கு 36 அடி. சுற்றிலும் ஓடியாட விடும் இடத்தையும் சேர்த்தால் 120 அடிக்கு 60 அடி, அதாவது 7,200 சதுர அடி. இதைக் கால் அங்குல ஆழத்துக்கு ஒருமுறை நனைக்க ஏறத்தாழ 4,250 லிட்டர் நீர் வேண்டும். நபர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்பது ஜல் ஜீவன் திட்டம் கிராமங்களுக்கு வகுத்த அளவு. அக்கணக்கில், எழுபத்தேழு பேருக்கு ஒரு நாளைக்கு உரிய நீரைக் களம் குடித்துவிடும்! ஆகவே அங்கே கான்கிரீட் தளம் ஒன்றே தக்கது. அதற்கும் நீர் வேண்டும். ஆனால் கட்டும்போது மட்டுமே.

நீள்பக்கம் வடக்கு தெற்காக அமையவேண்டும். பாலையில் விடியற்காலையும் அந்தியும் தவிர வேறு வேளையில் ஆடவியலாது. அவ்வேளைகளில் தாழ்ந்து நிற்கும் கதிரவனை நோக்கி எவனும் பந்தடிக்க முடியாது. மேற்கிலும் தென்மேற்கிலும் இருந்து வீசும் ‘லூ’ என்னும் அனற்காற்று மணலை வாரிக்கொண்டு வரும். அதைத் தடுக்க அப்புறத்தில் மரவரிசை வேண்டும். நாம் வன்னி என்று அழைக்கும் கேஜ்ரி மரம் அந்நிலத்துக்கே உரியது. வேர் ஆழ இறங்கும் இயல்புடையது. எனினும் எந்த மரத்தையும் தளத்தின் விளிம்பை ஒட்டி நடலாகாது. மணல் நகரும் இடமாயின் மரம் வளரும்வரை காத்திராமல் முள்ளையும் சுள்ளியையும் கட்டங்கட்டமாக நட்டு மணலை நிறுத்தலாம். இம்முறையை ஜோத்பூரிலுள்ள மத்திய வறண்ட மண்டல ஆராய்ச்சி நிலையம் நெடுங்காலமாகப் பரப்பி வந்துள்ளது.

மண்ணும் உப்பும்

பாலை என்றால் எங்கும் ஒரே மணல் என்று எண்ணுவது தவறு. நாகௌர்ப் பகுதியில் மண்ணுக்கடியில் ஜிப்சம் கிடக்கிறது. பார்மேர்ப் பக்கத்தில் நீர் பட்டால் உப்பும் பெண்டோனைட் களிமண் உண்டு. 2006 ஆகஸ்டில் பார்மேர் மாவட்டத்துக் கவாஸ் கிராமத்தைச் சூழ்ந்த வெள்ளம் நெடுநாள் வடியாது நின்றதற்கு இத்தகைய அடுக்குகளே காரணம். களிமண் உப்பினால் தளம் வெடிக்கும். ஜிப்சத்திலுள்ள சல்பேட்டு சிமெண்டை அரிக்கும். ஆதலால் நான்கைந்து இடங்களில் குழி தோண்டி மண்ணைச் சோதனைக்கு அனுப்புவதே முதல் வேலை. சல்பேட்டு மிகுந்திருப்பின் அதைத் தாங்கும் வகைச் சிமெண்டைக் கேட்டு வாங்கவேண்டும்.

இவற்றினும் பெரிய பகை சாதாரண உப்பு. விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுவதுபோல் கான்கிரீட்டும் அடியிலுள்ள உப்பு ஈரத்தை மேலே இழுக்கும். வெயிலில் நீர் ஆவியாகப் போய்விடும். உப்பு மட்டும் மேற்பூச்சின் அடியில் படிகமாகி நின்று பூச்சைத் தூக்கும். அதுதான் கொப்புளம். இதைத் தடுக்கச் சரளைப் படுகையின்மேல், கான்கிரீட் இடுவதற்கு முன், கனத்த பாலிதீன் தாளைக் கிழிசலின்றி விரிக்கவேண்டும். தாள்களின் ஓரங்கள் ஓரடியாவது ஒன்றன்மேல் ஒன்று படியவேண்டும். மொத்தச் செலவில் இது மிக அற்பமான இனம். ஆகவேதான் மதிப்பீட்டிலிருந்து முதலில் அடிபட்டுப் போகிறது. தளம் போட்டபின் இதை எவராலும் உள்ளே நுழைக்க முடியாது.

உலர்ந்த மணல் எளிதில் இறுகாது. ஆறங்குலக் கனமாகப் பரப்பி, நனைத்து, அதிர்வு உருளையால் அழுத்தி, அதன்பின் அடுத்த அடுக்கைப் பரப்பவேண்டும். தளம் ஒரே சமதளச் சரிவாக, பத்தடிக்கு ஓரங்குலம் வீதம் ஒரு பக்கவாட்டிலிருந்து மறு பக்கவாட்டுக்குச் சரியவேண்டும். 60 அடி அகலத்துக்கு ஆறங்குலச் சரிவு வரும். மழையே இல்லாத நாட்டில் சரிவு எதற்கு என்று கேட்கவேண்டாம். அங்கே ஆண்டு மழையில் பெரும்பங்கு சில நாட்களிலேயே கொட்டிவிடுவதுண்டு.

நான்கங்குலக் கனத்தில் தளமிட்டால் 2,400 கன அடி கான்கிரீட் ஆகும். ஒன்றுக்கு ஒன்றரைக்கு மூன்று என்ற கலவையில் ஏறத்தாழ 540 மூட்டை சிமெண்டு. இவ்வளவையும் மணற்குன்றின் மணலோடு கலப்பது பணத்தைப் புதைப்பதாகும். காற்றில் உருண்டு தேய்ந்த அம்மணல் மிக நுண்ணியது, உப்பும் கலந்திருக்கக்கூடும். லூனி ஆறும் பாலோத்ராவுக்குக் கீழே உப்பு நீராகவே ஓடுகிறது என்பதை நினைவிற்கொண்டு, மணல் எங்கிருந்து வந்தது என்று விசாரிக்கவேண்டும். இரும்புக் கம்பி இட்ட கான்கிரீட்டுக்குரிய நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது இந்தியத் தர நியமம். அங்குள்ள பல கிணறுகள் இந்நியமத்தில் தேறுவதில்லை. மழைநீரைச் சேமிக்கும் ‘டாங்கா’ தொட்டியிலோ இருப்பது குடிநீர். அதை எடுப்பதா, தொலைவிலிருந்து லாரியில் நீர் கொணர்வதா என்பதை வேலை தொடங்குமுன்பே கிராம சபையில் வைத்துப் பேசுவது நல்லது. பாதியில் பேசினால் சண்டையாக முடியும்.

கான்கிரீட் இட நவம்பர் முதல் பிப்ரவரி வரை உகந்த காலம். வெப்பமும் வறட்சியும் மிக்க இடத்தில் குறைந்தது பத்து நாட்கள் இடைவிடாது ஈரம் காக்கவேண்டும். நனைத்த கோணிச்சாக்கை விரித்து அதன்மேல் பாலிதீன் தாளை மூடிவிட்டால் நீர் வெகுவாக மிச்சப்படும். குளிர்கால விடியலுக்கும் கோடை நடுப்பகலுக்கும் இடையே தளத்தின் சூடு 50 டிகிரி மாறினால், 120 அடி நீளம் ஏறத்தாழ முக்கால் அங்குலம் நீளும், சுருங்கும். ஆகவே வலைக்கோட்டின் கீழ் ஓர் இணைப்பு இடைவெளி விடுவது இன்றியமையாதது. அமெரிக்காவின் அரிசோனா பாலையில் எஃகு வடங்களைத் தளத்தினுள் இழுத்துப் பூட்டும் முறை வழங்குகிறது. அதற்குத் தேர்ந்த ஆட்கள் வேண்டும்.

மேற்பூச்சைப் புதுப்பித்தல்

புதுத் தளம் 28 நாட்கள் ஆறிய பின்னரே அக்ரிலிக் பூச்சுக்குத் தகுதி பெறும். அப்பூச்சும் நிலையானதன்று. கதிரவன் அதை வெளுத்துப் பொடியாக்குவான். காலடியில் சிக்கிய மணல் உப்புத்தாள் போல் தேய்க்கும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பித்தே ஆகவேண்டும். இங்கேதான் ஊராட்சிகள் ஏமாறுகின்றன. விரிசலின்மேல் வர்ணம் அடித்தால் திறப்பு விழாவன்று களம் பளபளக்கும். அடுத்த குளிர்காலத்தில் அதே விரிசல் அதே இடத்தில் வாய் திறக்கும்.

ஒப்பந்தம் பேசுமுன் மூன்று சோதனைகளை ஊராரே செய்துகொள்ளலாம். மழை பெய்து ஓய்ந்து ஒரு மணி நேரத்துக்குப் பின் களத்துக்குச் சென்று, நாணயக் கனத்துக்கு மேல் நீர் தேங்கிய இடங்களைச் சுண்ணக்கட்டியால் வட்டமிட வேண்டும். இதற்கென நீரைக் கொட்டவேண்டியதில்லை. பருவத்தின் முதல் மழையைத் தவறவிடாதிருந்தாற் போதும். அடுத்து, இரண்டடிச் சதுரப் பாலிதீன் தாளைத் தளத்தில் நான்கு ஓரமும் ஒட்டி ஓரிரவு விட்டுவிடுக. காலையில் அடியில் ஈரம் பூத்திருந்தால் நீர் கீழிருந்து வருகிறது என்று பொருள். காரணத்தைக் களையாமல் பூசும் எந்தப் பூச்சும் நில்லாது. மூன்றாவதாக, சிறு சுத்தியலால் தட்டிப் பார்த்து, வெற்றொலி எழும் இடங்களைக் குறித்துக்கொள்ளவேண்டும். அங்கே பூச்சு பிடிப்பு விட்டிருக்கும்.

மயிரிழை விரிசல்களைச் சுத்தம் செய்து அக்ரிலிக் பட்டியால் அடைக்கலாம். குளிரில் அகன்று கோடையில் ஒடுங்கும் விரிசலுக்குக் கெட்டியான பட்டி உதவாது. இழுவைத்தன்மையுள்ள அடைப்பும், அதன்மேல் வலைத்துணியும் வேண்டும். பள்ளங்களை நிரப்பி, மட்டப்பலகை வைத்துப் பார்த்து, உரிந்த பழம்பூச்சு முழுவதையும் சுரண்டி எடுத்து, தூசியைப் போக்கிய பின்பே புதுப்பூச்சு. கழுவிச் சலித்த சிலிக்கா மணல் சேர்ந்த அடிப்பூச்சை முதலில் இட்டு, அதன்மேல் இருமுறை வர்ணப்பூச்சு இடுவது வழக்கம். காற்றில்லாத விடியற்காலையில் தொடங்கித் தளத்தில் கை வைக்கப் பொறுக்காத சூடு ஏறுமுன் நிறுத்திவிடவேண்டும். சூட்டில் பூசினால் மேற்புறம் மட்டும் காய்ந்து உள்ளே ஈரம் சிறைப்படும். வெளிர் நிறம் தளத்தின் சூட்டைக் குறைக்கும். ஆனால் பந்து தெளிவாகத் தெரியவேண்டும். ஆகவே ஆடும் பகுதிக்கு நடுத்தர நீலமும் வெளிப்புறத்துக்கு வெளிர் பச்சையும் பொருந்தும்.

கம்பங்களைக் கழற்றும்படி அமைத்தால் அதே தளத்தில் கைப்பந்தும் ஆடலாம். தினமும் ஆட்டத்துக்கு முன் தளத்தைப் பெருக்கி மணலை அகற்ற ஓர் ஆளை நியமித்து, அவருக்குரிய கூலியையும் அகன்ற துடைப்பத்தின் விலையையும் முதல் மதிப்பீட்டிலேயே சேர்த்துக்கொள்வது நலம்.