மலிவு விலை டி.ஜே. மிக்ஸர்: வாங்கலாமா, வேண்டாமா?

சென்ற ஆண்டு ஆடிக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை டிபன் முடித்துப் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். சித்தூரிலிருந்து என் தங்கை மகன் வந்து நின்றான். திருப்பதிக்கு எழுபது கிலோமீட்டர் முதல் பஸ்ஸில் வந்திருக்கிறான். கையில் ஒரு காகிதம். அதில் நாலைந்து மிக்ஸர்களின் பெயரும் விலையும்.

"மாமா, அம்மா சீட்டு எடுத்திருக்காங்க, நாற்பதாயிரம். விநாயக சவிதிக்குள்ள டி.ஜே. செட் ஒண்ணு போடலாம்னு இருக்கேன். மிக்ஸரை மட்டும் கம்மி விலையில முடிச்சுட்டா மத்ததுக்குக் காசு நிக்கும். மாமாவைக் கேட்டுட்டு வா, அவர் சரின்னு சொன்னாத்தான் பணம்னு அம்மா சொல்லிட்டாங்க."

என் தங்கை ரவிக்கை தைத்துச் சேர்த்த பணம் அது. மாதா மாதம் எப்படிக் கட்டினாள் என்பது எனக்குத் தெரியும். ஆகவே சட்டென்று சரி என்றும் சொல்ல முடியவில்லை, வேண்டாம் என்றும் சொல்ல முடியவில்லை.

வேடிக்கை என்னவென்றால், அதே வாரம் நம் சங்கத்தின் செயற்குழுவிலும் இதே பேச்சு. ஒவ்வொரு விழாவுக்கும் மைக் செட்டுக்கு வாடகை கொடுப்பதை விட, சொந்தமாக ஒரு டி.ஜே. மிக்ஸர் வாங்கிவிடலாமே என்று இளைஞர்கள் கேட்டார்கள். ரயில்வேயில் சிக்னல், டெலிகாம் பிரிவில் காலம் தள்ளியவன் என்பதால் என்னையே விசாரித்துச் சொல்லச் சொன்னார்கள். இரண்டு பக்கமிருந்தும் ஒரே கேள்வி வந்ததால், நான் பார்த்ததையும் பட்டதையும் இங்கே எழுதுகிறேன்.

மிக்ஸர் என்பது எது?

இது டீயோடு சாப்பிடுகிற மிக்ஸர் அல்ல. பல இடங்களிலிருந்து வரும் ஒலியை ஒன்று சேர்த்து, வேண்டியதைக் கூட்டி, வேண்டாததைக் குறைத்து, ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்புகிற பெட்டி. ரயில் நிலைய யார்டு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். பல லைன்களில் வண்டிகள் வந்து நிற்கும். எதை எப்போது மெயின் லைனில் விடுவது என்பதுதான் வேலை.

இதில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று, கச்சேரிக்கும் கூட்டத்துக்கும் பயன்படும் சாதாரண மிக்ஸர். அதில் மைக் மாட்ட நாலு, ஆறு, எட்டு என்று இடம் இருக்கும். மற்றொன்று டி.ஜே. மிக்ஸர். மலிவானதில் பாட்டுக்கு இரண்டு சேனல், மைக்குக்குப் பெரும்பாலும் ஒரே ஒரு துளை, நடுவில் இடமும் வலமுமாக நகர்த்த ஒரு கட்டை. அந்தக் கட்டைக்கு கிராஸ்ஃபேடர் என்று பெயர். அதை இடப்பக்கம் தள்ளினால் ஒரு பாட்டு, வலப்பக்கம் தள்ளினால் மற்றொரு பாட்டு, நடுவில் நிறுத்தினால் இரண்டும்.

1960களின் இறுதியில் நியூயார்க் நடன அரங்குகளில் பிரான்சிஸ் கிராஸோ என்பவர், ஒரு இசைத்தட்டு முடியுமுன் அடுத்த தட்டைத் தாளம் பிசகாமல் அதோடு இணைக்கும் வித்தையைக் காட்டினார். இந்த வேலைக்கென்றே 1970களின் தொடக்கத்தில் போஸாக் என்ற அமெரிக்கக் கம்பெனியின் மிக்ஸர் வந்தது. டி.ஜே.க்கள் விரும்பிய டெக்னிக்ஸ் எஸ்.எல். 1200 தட்டுச் சுழலியும் 1972இல் வந்ததுதான். ஆக, அரை நூற்றாண்டுப் பழக்கமுள்ள தொழில் இது.

நம் பெரியவர்கள் இதை வெறும் இரைச்சல் என்று ஒதுக்குகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இரண்டு பாட்டின் காலப்பிரமாணத்தைச் சமமாக்கி, சமம் தவறாமல் ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போவது லய ஞானம் இல்லாமல் வராது. இசை மேதை சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை 1954இல் சங்கீத கலாநிதி பட்டம் பெற்றவர், லயத்துக்குப் பேர்போனவர். அவர் ஊரில் பிறந்த பையன்களுக்குத் தாளம் வராமலா போய்விடும்?

விலை எப்படிக் குறைகிறது?

மலிவு என்றாலே மட்டம் என்று நினைத்த காலம் ஒன்று உண்டு. இப்போது அப்படிச் சொல்ல முடியாது. 1989இல் ஜெர்மனியில் உலி பெஹ்ரிங்கர் தொடங்கிய கம்பெனி, பிறகு சீனாவில் பெரிய அளவில் தயாரித்து, சாமானியனும் வாங்கும் விலைக்கு மிக்ஸரைக் கொண்டுவந்தது. உள்ளே ஒலியைப் பெருக்கும் ஐ.சி. சில ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஐம்பது பேர் உட்காரும் ஹாலில் மலிவான பெட்டிக்கும் விலை உயர்ந்த பெட்டிக்கும் காதால் வித்தியாசம் சொல்வது கடினம்.

மிச்சம் பிடிப்பது ஐ.சி.யில் அல்ல, கை படுகிற இடங்களில். கிராஸ்ஃபேடர் அதில் முதலாவது. மலிவானதில் அது கரித்தடத்தின் மேல் உரசி ஓடும் கட்டை. சித்தூர் வெயிலும் புழுதியும் உள்ளே இறங்கினால் சில மாதங்களில் கரகரவென்று சத்தம் வரும். இரண்டாவது, துளைகள். பெட்டியின் தகட்டோடு திருகி முடுக்காமல் சர்க்யூட் போர்டிலேயே நேராகப் பற்றவைத்திருந்தால், யாராவது கம்பியில் கால் தடுக்கி இழுத்த அன்றே போர்டு விரிசல் விடும். மூன்றாவது, பவர் அடாப்டர். சிலவற்றுக்குத் தனி ரகமான அடாப்டர் வேண்டும். அது போனால் உள்ளூர்க் கடையில் கிடைக்காது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். புளூடூத் இருக்கிறது என்று பெருமையாகப் போட்டிருப்பார்கள். புளூடூத்தில் ஒலி கொஞ்சம் தாமதித்து வரும். பாட்டைச் சும்மா ஓடவிடுவதற்குப் பரவாயில்லை. தாளத்தோடு தாளம் சேர்ப்பதற்கு உதவாது.

நான் செய்த தவறு

இனி என் கதை. சில வருஷங்களுக்கு முன் நம் சங்கத்துப் பொங்கல் விழாவுக்கு, சிக்கனம் என்று சொல்லி மலிவான சிறு மிக்ஸர் ஒன்றை என் யோசனையின் பேரில் வாங்கினோம். அன்று ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் பேசினார். எண்பது தாண்டியவர். 1960 ஏப்ரல் 1ஆம் தேதி திருத்தணி சென்னை மாநிலத்துக்குப் போனதையும், சத்தியவேடு பக்கத்து ஊர்கள் ஆந்திராவுக்கு வந்ததையும், சித்தூரும் திருப்பதியும் இங்கேயே நின்றதையும் நேரில் பார்த்தவர். யார் அழுதார்கள், யார் இனிப்புக் கொடுத்தார்கள், பள்ளிக்கூடத்தில் என்ன மாறியது என்று நாற்பது நிமிஷம் பேசினார்.

மிக்ஸரிலிருந்து லேப்டாப்பில் அதைப் பதிவு செய்யும் பொறுப்பு என்னுடையது. அவர் மெல்லிய குரலில் ஆரம்பித்தார். பின் வரிசையில் கேட்கவில்லை என்று யாரோ கை காட்டினார்கள். நான் மைக்கின் கெயினைத் திருகினேன். பேச்சு சூடு பிடித்ததும் அவர் குரல் உயர்ந்தது. சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. ஹாலில் நன்றாகத்தான் கேட்கிறது என்று நானும் விட்டுவிட்டேன். ஹெட்போன் என் பையில் இருந்தது. எடுத்துக் காதில் வைக்கவில்லை.

வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தால், ஒவ்வொரு சொல்லும் தகரத்தைக் கிழித்த மாதிரி. அடியில் ஓயாத உறுமல். ஒரு வாக்கியம் கூட முழுசாகப் புரியவில்லை. இன்னொரு நாள் அவர் வீட்டுக்கே போய்ப் பதிவு செய்துகொள்ளலாம் என்றிருந்தேன். அந்த நாள் வரவில்லை. அடுத்த சித்திரைக்குள் அவர் காலமாகிவிட்டார்.

மலிவுச் சரக்கின் புத்தி இது என்று திட்டி மிக்ஸரைப் பரணில் போட்டேன். இரண்டு வருஷம் எல்லாரிடமும் அப்படியே சொன்னேன். தங்கை மகன் வந்த அன்றுதான் அதைக் கீழே இறக்கித் திறந்து பார்த்தோம். மைக் மாட்டி அளவோடு வைத்துக் கேட்டால் குரல் சுத்தமாக இருந்தது. உறுமல் இல்லை. லேப்டாப்பின் சார்ஜரைச் செருகியதும் உறுமல் வந்தது, பிடுங்கியதும் போய்விட்டது. மிக்ஸரில் குற்றமே இல்லை.

கெயின் என்பது மைக்கிலிருந்து வருவதை எவ்வளவு உள்ளே எடுக்கிறோம் என்பது. ஃபேடர் என்பது எவ்வளவு வெளியே விடுகிறோம் என்பது. பின் வரிசைக்குக் கேட்கவில்லை என்றால் வெளியே விடுவதைக் கூட்ட வேண்டும், அல்லது ஸ்பீக்கரை இடம் மாற்ற வேண்டும். நான் உள்ளே எடுப்பதைக் கூட்டினேன். பாத்திரம் நிரம்பி வழிந்தது. வழிந்ததை எந்தக் கம்ப்யூட்டராலும் திரும்ப அள்ள முடியாது. சிவப்பு சிக்னலைத் தாண்டக் கூடாது என்று ஆயுசு முழுக்கச் சொன்ன இலாகாவில் இருந்தவன், அன்று சிவப்பைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

கம்பியும் எர்த்தும்

அந்த உறுமல் ரயில்வேக்காரனுக்குப் புதிதல்ல. 25,000 வோல்ட் மின் பாதை வந்தபோது, பக்கத்தில் ஓடிய டெலிபோன் கம்பிகளில் 50 சைக்கிள் மின்சாரத்தின் சத்தம் ஏறியது. அதனால்தான் கம்பிகளை மண்ணுக்கடியில் கேபிளாகப் போட்டோம். இரண்டு கம்பிகளை முறுக்கி இணையாக ஓட்டினால், வெளிச் சத்தம் இரண்டிலும் சமமாக ஏறிக் கடைசியில் கழிந்துவிடும். மைக்குக்குப் போடும் மூன்று முள் எக்ஸ்.எல்.ஆர். கம்பியும் இதே தத்துவம்தான். டி.வி.க்குப் போடும் ஒற்றைத் திரைக் கம்பியை மேடையிலிருந்து ஹாலின் கடைசி வரை இழுத்தால் உறுமத்தான் செய்யும்.

உறுமலை நிறுத்த எர்த் முள்ளை ஒடித்துவிடுகிற பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. தயவுசெய்து யாரும் செய்ய வேண்டாம். ஆம்ப்ளிஃபயரில் ஏதாவது கசிவு ஏற்பட்டால், ஈரக் கையோடு மைக்கைப் பிடித்தவர்தான் எர்த் ஆவார். மழைக்காலத்தில், ஜெனரேட்டரில் ஓடும் விழாக்களில் இது உயிர் விஷயம். எல்லாப் பெட்டிகளையும் ஒரே பிளக் பாயிண்டிலிருந்து, நல்ல எர்த்தோடு ஓட்டுங்கள். லேப்டாப்பைப் பதிவு நேரத்தில் பேட்டரியில் ஓட்டுங்கள். பாதி உறுமல் அங்கேயே போய்விடும்.

சத்தத்துக்கும் அளவு உண்டு

வாங்கிவிட்டோம் என்பதற்காக இஷ்டத்துக்கு ஒலிக்க முடியாது. 2000ஆம் ஆண்டு மத்திய அரசின் ஒலி மாசு விதிகள்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. சில பண்டிகை நாட்களுக்கு மட்டும் மாநில அரசு நள்ளிரவு வரை தளர்த்தலாம். குடியிருப்புப் பகுதிக்கு அளவு பகலில் 55 டெசிபல், இரவில் 45. ஆஸ்பத்திரி, பள்ளி, கோர்ட்டைச் சுற்றி 100 மீட்டருக்கு இன்னும் கட்டுப்பாடு. 2005இல் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தித் தீர்ப்புச் சொன்னது.

சட்டத்தை விடுங்கள், காதைப் பாருங்கள். 85 டெசிபலில் எட்டு மணி நேரம் வரை இருக்கலாம் என்கிறார்கள். 3 டெசிபல் கூடும்போதெல்லாம் நேரம் பாதியாகும். 100 டெசிபலுக்குப் பதினைந்தே நிமிஷம். டி.ஜே. பெட்டி பக்கத்தில் இரவு முழுக்க நிற்கிற பையனுக்கு முப்பது வயதில் காது என்ன ஆகும்? இதைத் தங்கை மகனிடம் சொன்னபோதுதான் அவன் முகம் கொஞ்சம் மாறியது.

ஆக, வாங்கலாமா?

கற்றுக்கொள்ள, சிறு ஹாலில் பயன்படுத்த, மலிவு மிக்ஸர் தாராளமாகப் போதும். ஊர்வலத்துக்கும் கல்யாணத்துக்கும் வாடகைக்கு விட்டுப் பிழைக்க அது போதாது. தினம் ஏற்றி இறக்கும் அடியைத் தாங்காது. நடு விழாவில் நின்றுபோனால் முன்பணத்தோடு பேரும் போகும்.

அவனிடம் சொன்னேன்: "மிக்ஸரை ஏழாயிரத்துக்குள்ள வாங்கு. மூடிய ஹெட்போன் ஒண்ணு, நல்ல கம்பி நாலு, கான்டாக்ட் கிளீனர் ஒரு டப்பா. அவ்வளவுதான். மிச்சம் அம்மாகிட்டயே இருக்கட்டும். இந்த சீசன் முழுக்க ஒரு மைக் செட்காரர்கிட்ட வேலைக்குப் போ. கம்பி சுத்தக் கத்துக்க."

பையன் சாப்பாட்டை வாய் பேசாமல் சாப்பிட்டுவிட்டு மத்தியான பஸ்ஸுக்குப் போய்விட்டான். என் மேல் கோபம்தான்.

தை பிறந்த பிறகு போன் செய்தான். "மாமா, கிராஸ்ஃபேடர் கரகரன்னுச்சு. நானே கழட்டித் துடைச்சேன். சரியாயிடுச்சு. முதலாளி இப்போ சின்ன ஃபங்ஷனுக்கு என்னைத் தனியா அனுப்புறார்." தங்கையின் பணத்தில் பெரும்பகுதி இன்னும் அஞ்சலகத்தில் பத்திரமாக இருக்கிறது.

நம் சங்கத்துக்கு டி.ஜே. மிக்ஸர் வேண்டாம் என்று செயற்குழுவில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். பேச்சும் பாட்டும் நாதஸ்வரமும் நடக்கிற இடத்துக்கு ஒரே மைக் துளை எப்படிப் போதும்? பரணிலிருந்து இறங்கிய அந்தப் பழைய மிக்ஸரே நமக்குப் போதும். அதற்குச் செலவழிக்க நினைத்த பணத்தில் நல்ல மைக் இரண்டும், கம்பியும், எர்த் வேலையும் செய்துகொள்ளலாம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். 1960ஐ நேரில் பார்த்தவர்கள் சித்தூரிலும் திருப்பதியிலும் இன்னும் சிலர் நம்மிடையே இருக்கிறார்கள். உங்கள் வீட்டில் அப்படி ஒரு பெரியவர் இருந்தால் சங்கத்துக்குச் சொல்லுங்கள். மிக்ஸரையும் மைக்கையும் தூக்கிக்கொண்டு நானும் என் தங்கை மகனும் வீட்டுக்கே வருகிறோம். இந்த முறை ஹெட்போன் காதில் இருக்கும்.