புதுப் பெட்டியும் பழைய படமும்

எங்கள் இல்லத்திற்குப் பெரிய எச்.டி. தொலைக்காட்சிப் பெட்டியொன்று வந்தது. கேபிளை இணைத்தபோது படம் மங்கித் தோன்றிற்று. பாட்டனார் தம் கண்ணொளி குன்றிற்றோவென ஐயுற்று வருந்தினார். குற்றம் கண்ணினதுமன்று, பெட்டியினதுமன்று. காரணத்தை ஈண்டு ஆராய்வாம்.

படமென்பது புள்ளிகளின் தொகுதியே. நம் நாட்டில் சாதாரணத் தரத்துப் படம் நிறைவாக வருங்கால் வரியொன்றுக்கு 720 புள்ளிகளாக 576 வரிகள் உடையது. முழு எச்.டி. திரையோ 1920 புள்ளிகளாக 1080 வரிகள் உடையது. பெருக்கிப் பார்ப்பின் முன்னது 4,14,720, பின்னது 20,73,600, சரியாக ஐந்து மடங்கு. ஆகவே அப்படம் திரை முழுதும் நிரம்புங்கால், ஐந்து புள்ளிகளுள் ஒன்றற்குரிய செய்தியே வெளியிலிருந்து வருவது. ஏனைய நான்கையும் பெட்டி அண்டைப் புள்ளிகளை நோக்கி அநுமானித்தே நிரப்புகின்றது. காட்சியளவைக்கும் கருதலளவைக்கும் உள்ள வேற்றுமையே இது.

ஒரே கம்பியில் பல நிலையங்களை அடக்கும்பொருட்டுப் படத்தை மிகச் சுருக்கி அனுப்பின், ஓடும் பந்தைச் சுற்றிக் கட்டங்கட்டமாகக் கறை தோன்றும். பழைய படக்குழாய்ப் பெட்டி சிறிது; அதன் ஒளிக்கோடுகளும் மென்மையாகக் கலந்தமையின் இக்குறைகள் மறைந்திருந்தன.

மேலும், 4:3 அளவுப் படத்தை 16:9 திரைக்கு இழுப்பின் அகலம் மூன்றிலொரு பங்கு மிகும், முகங்கள் பருக்கும். ஆதலின் படத்தை 4:3 அளவிலேயே நிறுத்துக, ஷார்ப்னெஸைக் குறைத்திடுக, சற்றே பின்னமர்க. எச்.டி. செட்டாப் பெட்டியும் எச்.டி. நிலையமும் பெற்றாலன்றி முழுத்தெளிவு வாராது.

இவற்றைச் செய்தபின் பாட்டனார் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்து அமர்ந்தார். "கண் பழுதில்லையடா!" என்றார்.