மொழி மாற்றும் விசை யாருக்குச் சொந்தம்?

பெங்களூரில் மென்பொருள் எழுதும் தமிழரோ கன்னடரோ தம் மேக் கணினியில் தாய்மொழி விசைப்பலகையைச் சேர்த்த அன்றே ஒரு சிக்கல் தொடங்கிவிடலாம். விஎஸ் கோட் செயலியில் கண்ட்ரோலையும் ஸ்பேஸையும் சேர்த்து அழுத்தினால், அடுத்து எழுதக்கூடிய சொற்களின் பட்டியல் வர வேண்டும். இரண்டு மொழிகள் உள்ள மேக்கிலோ அதே விசைகள் மொழியை மாற்றும். பட்டியல் வராது, எழுத்து தமிழாகிவிடும். ஆங்கிலம் மட்டும் வைத்திருக்கும் பக்கத்து இருக்கைக்காரருக்கு இந்தத் தொல்லை இல்லை. தாய்மொழியில் தட்டச்சு செய்பவர்மேல் மட்டும் விழும் இந்தச் சுமையை நீக்கும் பொறுப்பு, கணினியை வடிவமைப்பவர்களுடையது.

விசையை அழுத்தியதும் செய்தி முதலில் இயங்குதளத்துக்குப் போகிறது. அது தனக்கென ஒதுக்கிக்கொண்ட சேர்க்கை என்றால் அங்கேயே நின்றுவிடும்; கீழே காத்திருக்கும் செயலிக்கு எதுவும் எட்டாது. பிழைச் செய்தியும் பெரும்பாலும் வராது என்பதால், செயலிதான் பழுது என்று நினைத்துவிடுகிறோம். இந்த மோதலைத் தவிர்க்க முடியும் என்பதற்குப் பெங்களூரிலேயே சான்று உண்டு. இங்குள்ள கன்னட கணக பரிஷத் உருவாக்கிய நுடி மென்பொருள், மொழி மாற்ற ஸ்க்ரோல் லாக் விசையைப் பயன்படுத்தியது. அநேகமாக யாரும் தொடாத விசை அது. ஆனால் இன்றைய மடிக்கணினிகள் பலவற்றில் அந்த விசையே இல்லை. தமிழுக்கு வந்த என்ஹெச்எம் ரைட்டர், ஆல்ட்டோடு எண்களைச் சேர்த்தது. ஆனால் வேர்டில் ஆல்ட்டும் 1-உம் விரைவு அணுகல் பட்டையின் முதல் கட்டளைக்கு உரியவை என்பதால் அங்கே மோதல் வரும். லினக்ஸில் மொழி மாற்றத்தைக் கையாளும் ஐபஸ் முன்பு கண்ட்ரோல்-ஸ்பேஸை எடுத்துக்கொண்டு, ஈமேக்ஸ் என்ற உரைத் தொகுப்பியில் உரையைத் தேர்ந்தெடுக்கத் தொடங்கும் விசையை மறித்தது. பின்னர் அது சூப்பர்-ஸ்பேஸுக்கு மாறியது. சூப்பர் என்பது விண்டோஸ் சின்னம் பொறித்த விசைதான். அதோடு சேரும் குறுக்குவிசைகள் இயங்குதளத்துக்கே உரியவை என்று மைக்ரோசாஃப்ட்டும் செயலி எழுதுவோருக்குச் சொல்கிறது. கணினி முழுவதற்கும் பொதுவான வேலைக்கு அந்த விசை, செயலிக்குள் நடக்கும் வேலைக்குக் கண்ட்ரோலும் ஆல்ட்டும் என்ற எல்லையே நியாயமானது.

அமைப்புகளில் அவரவரே மாற்றிக்கொள்ளலாமே என்பார்கள். மாற்றலாம், மாற்றுவதானால் இயங்குதளத்தின் விசையை மாற்றுவதே நல்லது, ஓரிடத்தில் திருத்தினால் எல்லாச் செயலிகளும் விடுபடும். ஆனால் மோதல் என்றே தெரியாதவர் எதைத் தேடித் திருத்துவார்? பழகிய கையைக் குழப்பக் கூடாது என்ற மறுப்பில் உண்மை இருக்கிறது. அதனால்தான் தொடக்கத்திலேயே சரியான விசையைத் தர வேண்டும் என்கிறேன். கணினியில் தமிழைச் சேர்ப்பவர் அதுவரை செய்துவந்த ஒரு வேலையை இழக்க நேர்ந்தால், அடுத்த நாளே தமிழை நீக்கிவிடுவார். அந்த இழப்பைத் தடுக்க ஒரு விசையை மாற்றி வைத்தால் போதும்.