உங்களுக்குத் தெரியுமா? இன்ஜினுக்குள் ஒரு பொக்கைப் பல்!

உங்கள் காரின் இன்ஜினுக்குள் ஒரு பல் சக்கரம் சுற்றுகிறது. 60 பல்லுக்கு இடம் உண்டு. ஆனால் இருப்பது 58! மீதி 2 பற்கள் வேண்டுமென்றே விடப்பட்டவை. பல கம்பெனி வண்டிகளில் இதே கணக்குதான். அந்தப் பொக்கையை வைத்துத்தான் இ.சி.யூ. என்ற இன்ஜின் மூளை, பிஸ்டன் எங்கே நிற்கிறது என்று கண்டுபிடிக்கிறது!

ஒரு பல்லுக்கு 6 டிகிரி. பொக்கை கடந்ததும் எண்ணத் தொடங்கும். 58 எண்ணி முடித்ததும் மறுபடி பொக்கை வந்தாக வேண்டும். 57 வந்தாலும் தப்பு, 59 வந்தாலும் தப்பு! இன்ஜின் 3,000 ஆர்.பி.எம்.மில் ஓடும்போது வினாடிக்கு எத்தனை பல் எண்ணுகிறது தெரியுமா? 2,900!

இந்தப் பற்களைப் படித்துச் சொல்வது கிராங்க் சென்சார். ஆனால் அது மட்டும் போதாது! 4 ஸ்ட்ரோக் இன்ஜினில் பிஸ்டன் ஒரு சுழற்சிக்கு 2 முறை உச்சிக்கு வரும். எது வெடிக்கிற முறை, எது புகை தள்ளுகிற முறை? அதைச் சொல்வது கேம் சென்சார். கிராங்க் 2 சுற்று சுற்றினால் கேம் 1 சுற்று. இரண்டும் ஒத்துப்போனால்தான் வண்டி ஒழுங்காக ஓடும்!

எண்ணூரில் 1949-லேயே கார் தயாரானது தெரியுமா? இன்றைய அசோக் லேலண்ட் அன்று அசோக் மோட்டார்ஸ். அங்கே பூட்டப்பட்டது ஆஸ்டின் ஏ40! அதில் சென்சாரும் இல்லை, கம்ப்யூட்டரும் இல்லை. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றினால் போதும். ரோட்டார் எந்த சிலிண்டரைப் பார்க்கிறது என்று வெறுங்கண்ணுக்கே தெரியும்!

பக்கத்திலேயே திருவொற்றியூர். 1955 முதல் புல்லட்டின் ஊர்! பழைய புல்லட்டில் டைமிங் பல்சக்கரங்களின் மேல் புள்ளி இருக்கும். புள்ளிக்குப் புள்ளி சேர்த்து மாட்டினால் கிராங்க்கும் கேமும் ஒத்துப்போகும். அந்த புல்லட் 350-க்கும் 2020-ல் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வந்துவிட்டது. பி.எஸ்.6 புகை விதி செய்த வேலை!

இன்னொரு ஆச்சரியம். ஒற்றை சிலிண்டர் பைக்குகள் பலவற்றில் கேம் சென்சாரே கிடையாது! காற்று உறிஞ்சும் குழாயில் அழுத்தம் எப்போது குறைகிறது என்று பார்த்தே எந்த ஸ்ட்ரோக் என்று இ.சி.யூ. கண்டுபிடித்துவிடும்!

சென்சார் நவீனமானது என்று நினைக்கிறீர்களா? இல்லவே இல்லை! ஒரு வகை, மைக்கேல் ஃபாரடே 1831-ல் கண்டுபிடித்த மின்தூண்டலில் ஓடுகிறது. இன்னொரு வகை, எட்வின் ஹால் 1879-ல் கண்டுபிடித்த விளைவில் ஓடுகிறது. அப்போதே நம் ராயபுரம் ரயில் நிலையத்துக்கு 23 வயது!

ஃபாரடே வகைக்கு பேட்டரி கரன்ட்டே வேண்டாம். காந்தமும் கம்பிச்சுற்றும் போதும். பல் கடக்கக் கடக்க அதுவே கரன்ட் உண்டாக்கும். வேகம் குறைந்தால் வோல்டேஜும் குறையும். அதனால்தான் பேட்டரி வீக்காகி செல்ஃப் மெதுவாகச் சுற்றினால், நல்ல சென்சாரே செத்ததுபோல் தெரியும்!

பி0335 என்ற கோளாறு எண் (கோடு) ஸ்கேனரில் வந்தால் உடனே சென்சார் வாங்க ஓடாதீர்கள்! அது கிராங்க் சென்சார் சர்க்யூட்டைத்தான் குறை சொல்கிறது. சென்சார் போய்விட்டது என்று சொல்லவே இல்லை! கழற்றி நுனியைப் பாருங்கள். காந்தம் அல்லவா, இரும்புத் தூள் மீசைபோல் ஒட்டியிருக்கும். துடைத்து மாட்டினாலே சில வண்டிகள் கிளம்பிவிடும். அடுத்து கப்ளரைப் பிரியுங்கள். காசிமேடு, எண்ணூர் பக்கம் உப்புக்காற்று. செம்பு பின்னில் பச்சையாகக் களிம்பு ஏறியிருந்தால் திருடன் அகப்பட்டான்!

நன்றாக ஓடிய வண்டி டோல்கேட் தாண்டியதும் பட்டென்று நிற்கிறது. அரை மணி நேரம் கழித்து செல்ஃப் அடித்தால், ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்புகிறது. பேய் வேலையா? சூட்டு வேலை! பல சமயம் கிராங்க் சென்சாருக்குள் இருக்கும் மெல்லிய கம்பி சூட்டில் விரிந்து விட்டுப்போகிறது. ஆறினால் மறுபடி தொட்டுக்கொள்கிறது. ஆறிய பிறகு மீட்டர் வைத்தால் எல்லாம் சரி என்றே காட்டும். சூடாக இருக்கும்போதே பிடிக்க வேண்டும்!

ஸ்கேனரே இல்லாமல் ஒரு சோதனை! செல்ஃப் அடிக்கும்போது ஆர்.பி.எம். முள்ளைப் பாருங்கள். பல வண்டிகளில் முள் லேசாகத் துடித்தால் கிராங்க் சிக்னல் வருகிறது. அசையாமல் பூஜ்யத்திலேயே கிடந்தால் முதல் சந்தேகம் கிராங்க் சென்சார் மேல்!

ஃபாரடே வகை சென்சாரின் இரண்டு வயரை மாற்றிப் போட்டால் என்ன ஆகும்? மீட்டரில் ஓம்ஸ் மாறாது. ஆனால் சிக்னலின் அலை தலைகீழாகிவிடும். பொக்கை எங்கே என்று தெரியாமல் இ.சி.யூ. திணறும்!

இப்போது பி0016. எண்ணூரிலும் இதே எண், ஜெர்மனியிலும் இதே எண்! கிராங்க்கும் கேமும் ஒத்துப்போகவில்லை என்று அர்த்தம். இங்கே பெரும்பாலும் சென்சார் இரண்டுமே நிரபராதி. டைமிங் செயின் நீண்டிருக்கலாம். பல் தாவியிருக்கலாம். வால்வு டைமிங்கை ஆயிலால் மாற்றும் இன்ஜின்களில் அழுக்கு ஆயிலே இந்தக் கோடைக் கொண்டுவரும். ஆயில் மாற்றியதும் கோடு ஓடிப்போன வண்டிகளும் உண்டு!

இதைக் கண்டுபிடிக்கும் கருவிதான் இந்த வாரத்து அதிசயம். ஆசிலோஸ்கோப்! ஒரு சேனலில் கிராங்க் அலை, இன்னொன்றில் கேம் அலை. இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாகத் திரையில் விடுவார்கள். அதே மாடல் நல்ல வண்டியின் அலையைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவார்கள். கேம் சக்கரத்தில் 40 பல் என்று வையுங்கள். செயின் ஒரே ஒரு பல் தாவினால் கிராங்க் கணக்கில் 18 டிகிரி. திரையில் கேம் அலை சரியாக 3 பல் தள்ளி நிற்கும்! வால்வு கவரைத் திறக்காமலே, உள்ளே செயின் தாவியது வெளியே தெரிந்துவிட்டது!

கேம் சென்சார் செத்தாலும் பல இன்ஜின்கள் கிளம்பும் தெரியுமா? கொஞ்ச நேரம் கூடுதலாகச் செல்ஃப் அடிக்க வேண்டும், அவ்வளவுதான். இ.சி.யூ. ஒரு ஸ்ட்ரோக்கை ஊகித்து எரிபொருள் அடிக்கும். தப்பானால் அடுத்த சுற்றில் மாற்றி அடிக்கும்!

கடைசியாக ஒன்று. 3,000 ஆர்.பி.எம்.மில் ஒரு பல் கடக்க ஆகும் நேரம், வினாடியில் 3,000-ல் ஒரு பங்கு! ஒரு சிலிண்டர் எரியாமல் போனால் சக்கரம் அந்த இடத்தில் இம்மியளவு தயங்கும். அந்தத் தயக்கத்தையும் அதே கிராங்க் சென்சாரை வைத்தே பிடித்து, எந்த சிலிண்டர் என்று பெயர் சொல்லிவிடும் இ.சி.யூ. மூன்றாவது சிலிண்டரா? பி0303!